முழங்காலுக்கு வட்டி சேராது

சென்ற ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில், மும்பைப் புறநகரில் நாம் பணியாற்றும் கிளைக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் வந்தார். கையில் மடித்து வைத்திருந்த மராத்தி நாளேட்டை நமது மேசைமீது விரித்தார். எகிப்தின் தலைநகர் கெய்ரோவை ஒட்டிய கீசாவில், பிரமிடுகளுக்கு அருகே எழுப்பப்பட்டுள்ள மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் நவம்பர் 1 அன்று முறைப்படி திறக்கப்பட்ட செய்தி அதில் இருந்தது. நாளேட்டின் அடியிலிருந்து ஒரு நிரந்தர வைப்பு ரசீதை எடுத்து வைத்து, "இதை முடித்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. முன்கூட்டியே முடித்தால் வட்டி குறையும் என்று வழக்கம்போல் எடுத்துரைத்தோம். "இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கூடிக்கொண்டேதான் வந்திருக்கிறது, ஒருமுறை குறைந்தால் என்ன?" என்றார் ஆசிரியர். அருகில் அமர்ந்திருந்த அம்மையாரோ, "உடனே முடித்துக் கொடுங்கள், சாகேப், நாளைக்கு மனம் மாறிவிடுவார்" என்றார்.

அந்த ரசீதுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆசிரியர் 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவர். ஆண்டுதோறும் நைல் நதி நாகரிகப் பாடம் வரும்போது கரும்பலகையில் ஒரு பெரிய முக்கோணம் வரைந்து, அதற்குள் பாதைகளையும் அறைகளையும் சுண்ணக்கட்டியால் குறித்துக் காட்டுவாராம். 2002-ஆம் ஆண்டில் கீசாவில் புதிய அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட செய்தியைப் படித்தவர், "இது திறக்கும்போது நாம் அங்கே இருக்க வேண்டும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, 50,000 ரூபாயை நமது கிளையில் வைப்பாகப் போட்டார். அப்போது அவருக்கு வயது 47.

பிறகு அருங்காட்சியகம் தாமதமாயிற்று. 2011-இல் எகிப்தில் மக்கள் எழுச்சி, 2020-இல் பெருந்தொற்று. ஆசிரியரின் வைப்பும் அதற்கு ஈடாகவே தாமதமாயிற்று. மகளின் திருமணத்துக்கு ஒருமுறை பாதி முறிக்கப்பட்டது. தந்தையின் மருத்துவத்துக்கு இன்னொரு முறை. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் ஒரு பகுதியைச் சேர்த்து மீண்டும் தொடங்கினார். அடுத்து, குடியிருப்புக் கட்டடத்தின் பழுது பார்ப்புக்குச் சங்கம் வசூலித்த தொகை. ஒவ்வொரு முதிர்வின்போதும் ரசீதின் பின்புறம் கையெழுத்திட்டுப் புதுப்பித்துக்கொண்டு, "அடுத்த முறை" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நமக்கு முன்னர் இக்கிளையில் இருந்த அலுவலர்களும் அவரை "எகிப்து மாஸ்டர்" என்றே அறிந்திருந்தனர்.

அம்மையார் ஒருநாள் நம்மிடம் சொன்னது நினைவில் நிற்கிறது. "பிரமிடு 4,500 ஆண்டுகளாக அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறது. இவர்தான் பக்கத்தில் கட்டடம் கட்டி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்."

ஜனவரியில் புறப்பட்டார்கள். பிப்ரவரியில், மிஞ்சிய வெளிநாட்டுப் பணத்தை ஒப்படைக்க வந்தபோது, நாம் ஆவலுடன் கேட்டோம். ஆசிரியர் நிறையவே சொன்னார். அருங்காட்சியகத்தின் நுழைவுக்கூடத்தில் 11 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் இரண்டாம் ராம்செஸின் சிலையைப் பற்றி. தூதன்காமுனின் பொன் முகமூடியின் முன் மக்கள் பேச்சடங்கி நிற்பதைப் பற்றி. பிரமிடுக்குள் போனீர்களா என்று கேட்டபோது சற்று மௌனமானார். "இவள் போனாள்" என்றார்.

கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குள் போகும் பாதையை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். உள்ளே ஏறிச் செல்லும் முதல் பாதை ஏறத்தாழ 39 மீட்டர் நீளம், உயரமோ 1.2 மீட்டர் அளவுதான். வளர்ந்த ஒருவர் முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, செங்குத்தான சரிவில் ஏறியாக வேண்டும். அதைக் கடந்தால் 8 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பெரிய கூடம். அதன் உச்சியில் மன்னனின் அறை. தெற்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஸ்வானிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல்லால் ஆன அறை அது. ஆசிரியர் வாயில்வரை போயிருக்கிறார். முதல் சில அடிகளிலேயே வலது முழங்கால் மறுத்துவிட்டது. வெளியே வந்து, இடுப்பளவு உயரமிருந்த ஓர் அடிக்கல்லின் நிழலில் அமர்ந்துகொண்டார். வரலாற்றில் சிறிதும் நாட்டமில்லாத அம்மையார், வாங்கிய நுழைவுச்சீட்டு வீணாகக் கூடாது என்பதற்காக ஏறிப் போய்வந்தார்.

அம்மையார் வெளியே வந்ததும் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி இது: "பெரிய கூடத்தின் சுவர்க் கற்கள் மேலே போகப்போக உள்நோக்கி நெருங்கி வருகின்றனவே, பார்த்தாயா?" முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகையில் அவர் வரைந்து காட்டியது அதைத்தான். அம்மையார் சொன்ன பதில்: "நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சுவரை யார் பார்த்தது? மேலே ஒரு மூடியில்லாத கல்பெட்டி இருந்தது, அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டு இருவரும் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் வணிகவியல் படித்தவர்கள். எதையும் வரவு, செலவு என்று பார்க்கும் பழக்கம் விடுவதில்லை. எனவே ஆசிரியரின் காத்திருப்பையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தோம். 2002-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 48 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. 2025-ஆம் ஆண்டின் முடிவில் அது 90 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதே காலத்தில், இடையில் முறிக்காமல் புதுப்பித்துக்கொண்டே வந்த ஒரு வைப்பு மூன்று மடங்கையும் தாண்டியிருக்கும். ஆக, பணத்தை மட்டும் பார்த்தால் காத்திருந்ததில் நட்டமில்லை என்றே ஒரு தணிக்கையாளர் எழுதுவார். இதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஏனெனில் "விலைவாசி ஏறிவிடும், உடனே போய்வாருங்கள்" என்று அச்சுறுத்திச் சுற்றுலா விற்பவர்கள் உண்டு. பொறுமையான பணம் விலைவாசியைப் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடுகிறது. எட்டிப் பிடிக்காதது முழங்கால். அதற்கு எந்த வங்கியும் வட்டி சேர்ப்பதில்லை. வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டின் பிரீமியம் வயதோடு ஏறுவதும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு விலக்குகள் நீள்வதும் இந்த உண்மையைக் காப்பீட்டு நிறுவனங்கள் நம்மைவிட முன்னரே கணக்கிட்டுவிட்டன என்பதையே காட்டுகின்றன.

நெடுநாள் கனவாக இருக்கும் ஒரு தொலைதூரப் பயணத்தை ஓய்வுக்குப் பிறகு என்று ஒத்திவைப்பது சிக்கனத்தின் அடையாளமாகவே நம் நாட்டில் கருதப்படுகிறது. நாம் இதை ஏற்கவில்லை. திருமணத்துக்காக ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று கடன் கேட்டு வருவோரிடம் உறவினர் எவரும் "எதற்கு?" என்று கேட்பதில்லை. காருக்கும் அப்படியே. ஐம்பது வயதான கணவனும் மனைவியும் தாங்கள் சேர்த்த பணத்தில் பத்து நாள் வெளிநாடு போய்வரப் போகிறோம் என்று சொன்னால் மட்டும் வீட்டில் ஒரு விசாரணை தொடங்குகிறது. "மகனுக்கு வீடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாமே" என்பார் ஒருவர். "இந்த வயதில் என்ன ஆசை" என்பார் இன்னொருவர். அறுபத்தைந்தில் போனாலும் இதே கேள்விதான் வரும் என்பது வேறு.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் கொச்சியில் ஒரு தேநீர்க் கடைக்காரர் தம் வாழ்வாலேயே விடை சொன்னார். விஜயன், மோகனா தம்பதியரைப் பற்றி நாளேடுகளில் பலர் படித்திருக்கக்கூடும். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறிய கடை. வேலைக்கு ஆள் வைத்தால் செலவு என்று இருவருமே எல்லா வேலையையும் செய்தனர். நாள்தோறும் 300 ரூபாயைப் பயணத்துக்கென்று தனியே எடுத்து வைத்தனர். போதாததற்கு வங்கிக் கடன் வாங்கினர். போய்வந்தபின் மூன்று ஆண்டுகள்வரை உழைத்து அடைத்தனர். அடைத்ததும் அடுத்த பயணத்துக்குத் திட்டமிட்டனர். 2007-இல் தொடங்கிய அவர்களது வெளிநாட்டுப் பயணங்கள் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நீண்டன. 2021 அக்டோபரில் ரஷ்யாவுக்குச் சென்று திரும்பிய விஜயன், நவம்பரில் மறைந்தார். அவருக்கு அப்போது வயது எழுபதைக் கடந்திருந்தது.

அவரைப்போல் கடன் வாங்கிப் பயணம் போகலாமா என்று வாடிக்கையாளர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. வங்கி இதழில் இதை எழுதுவதற்காகக் கடன் பிரிவிலுள்ள நம் சகாக்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ஐந்து லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில், 36 மாதத் தவணையில் தனிநபர் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய். வட்டி மட்டும் 98,000 ரூபாயை நெருங்கும். இதற்கு மாறாக, விஜயன் எடுத்து வைத்த அதே 300 ரூபாயை, அதாவது மாதத்துக்கு 9,000 ரூபாயை, 6.5 விழுக்காடு வட்டி தரும் ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் போட்டால், நீங்கள் கட்டுவது 5,40,000 ரூபாய். வரிக்கு முன் கையில் வருவது 6,30,000 ரூபாய்க்கும் மேல். ஒருவர் வட்டி கொடுத்துப் போகிறார்; இன்னொருவர் வட்டி வாங்கிப் போகிறார். மாத வருவாய் உள்ளவர்களுக்கு நமது பரிந்துரை இரண்டாவது வழியே.

இருந்தாலும், விஜயன் செலுத்திய வட்டியை வீண் செலவு என்று எழுத எந்தக் கணக்கருக்கும் கை வராது. கடனில்லாமல் போவதற்காகக் காத்திருந்தால் அவர் எத்தனை நாடுகளைக் கண்டிருப்பார் என்று எவரால் சொல்ல முடியும்? உடல்நிலையோ வயதோ அவகாசம் தராத நிலையில், தேவையில் பாதிக்கு மேல் சொந்தச் சேமிப்பாக இருந்து, மீதிக்கு மட்டும் கடன் வாங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் அடைக்க முடியுமென்றால், அதில் தவறு காண நாம் தயாரில்லை. கிரெடிட் கார்டில் செலவழித்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்ய வேண்டாம். பெரும்பாலான அட்டைகளில் அந்த வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டுவது.

தொடர் வைப்பில் இன்னொரு பயனும் உண்டு. விசா விண்ணப்பங்களில் பெரும்பாலும் சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை கேட்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் எங்கிருந்தோ வந்து விழுந்த பெருந்தொகை, பார்ப்பவருக்கு ஐயத்தையே உண்டாக்கும். மாதந்தோறும் சேர்ந்து வந்த பணம் தானே பேசும். கணக்கு தொடங்கும்போதே அதற்கு ஒரு மாதமும் ஆண்டும் குறித்துக்கொள்ளுங்கள். "எப்போதாவது" என்ற பெயரில் தொடங்கிய வைப்பு, வீட்டில் முதலில் எழும் தேவைக்கு முறிக்கப்படும் என்பதை நாம் கவுண்டரில் நாள்தோறும் பார்க்கிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசிரியர் மகளின் திருமணத்துக்கும் தந்தையின் மருத்துவத்துக்கும் வைப்பை முறித்தது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. முதிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வழியில்லாத வீட்டில் பிரமிடைப் பற்றிப் பேசுவது முறையன்று. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான கையிருப்பும், மருத்துவக் காப்பீடும் இல்லாதவர்கள் முதலில் அவற்றைத்தான் தேட வேண்டும். பயணச் சேமிப்பு எளிதில் கரைந்துபோவதற்குக் காரணமே, அவசரத் தேவைக்கென்று வேறொரு சேமிப்பு இல்லாததுதான். ஆசிரியரின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு வைப்பு. எல்லாத் தேவைகளும் அதன் கதவையே தட்டின. ஆனால் கட்டடப் பழுதுச் செலவுக்கு அதைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. சங்கம் ஓராண்டுத் தவணை கொடுத்திருந்தது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த ஒருமுறை கைவைக்காமல் இருந்திருந்தால், 60 வயதில் போயிருப்பார். அருங்காட்சியகம் திறந்திருக்காது, பிரமிடின் உள்ளே போயிருப்பார்.

பயணம் உறுதியானபின் வங்கி தொடர்பாகக் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. ஆனால் அவற்றில் ஏமாறுவோர் அதிகம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது டி.சி.எஸ். என்ற பெயரில் ஒரு தொகையைச் சேர்த்து வசூலிப்பார்கள். 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள இது, தனி வரியன்று. உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்படும் வருமான வரி. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்; வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம். இதன் விகிதமும் வரம்பும் வரவுசெலவுத் திட்டங்களில் மாறி வந்துள்ளன. பணம் கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வூதியர் பலர் இதைத் திரும்பக் கேட்பதே இல்லை. நம் ஆசிரியரும் கேட்டிருக்க மாட்டார், நாம் படிவத்தைக் கையில் கொடுத்திராவிட்டால்.

உங்கள் டெபிட் கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே செயலியிலோ கிளையிலோ திறந்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் மூடிவிட வேண்டும். அங்குள்ள கடையில் கார்டைத் தேய்க்கும்போது, "ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் என்றதும் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றும். அந்த நெருக்கத்துக்கு விலை உண்டு. மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் பக்கம் கூட்டி வைத்திருப்பார்கள். உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்புவரைதான் வெளிநாட்டு நோட்டுகளாக எடுத்துச் செல்லலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பு. சுற்றுலா முகவர் நிறுவனத்தின் கணக்குக்கு மாறாகத் தனிநபர் ஒருவரின் கணக்குக்கு முழுத் தொகையையும் அனுப்பச் சொன்னால், அனுப்புமுன் ஒருமுறை கிளைக்கு வந்து எங்களிடம் பேசுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே சிலர் இக்கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

ஆசிரியர் பிப்ரவரியில் வந்தது பற்றிச் சொன்னோம். அவரிடம் 340 டாலர் மிஞ்சியிருந்தது. 2,000 டாலர்வரை நோட்டுகளாக வைத்துக்கொள்ளலாம், ஒப்படைத்தே தீர வேண்டியதில்லை என்று சொன்னோம். "வேண்டாம், வீட்டில் இருந்தால் பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் எண்ணிப் பார்ப்பேன்" என்று கொடுத்துவிட்டார். அத்துடன் எகிப்திய 100 பவுண்டு நோட்டு ஒன்றையும் நீட்டினார். நமது கிளையில் அதை மாற்ற வழியில்லை. நோட்டின் ஒரு புறத்தில் ஸ்பிங்ஸின் உருவம் இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பாஸ்புக்கின் உறைக்குள் செருகிக்கொண்டார்.

பிறகு தொடர் வைப்புப் படிவம் ஒன்று கேட்டார். எதற்கு என்று நாம் கேட்கவில்லை, அம்மையாரே சொன்னார். அவருடைய சிறுவயதுத் தோழி ஒருத்தி மணமாகி மொரிஷியஸில் இருக்கிறாளாம். நாற்பது ஆண்டுகளாக "வா, வா" என்று அழைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

"எத்தனை மாதத்துக்குப் போடட்டும்? அறுபதா?" என்று வழக்கம்போல் கேட்டோம்.

"பன்னிரண்டு" என்றார் அம்மையார், ஆசிரியர் வாய் திறக்குமுன்.